ஒளிமீள்நிறம்

வெயில் பட்டவுடன் நிறங்கொண்டும், நிழல் புகுந்தபின் அந்நிறம் ஒழிந்தும் நிற்கும் கரிமப் பொருள்கள் சில உள. தெளிந்த நீர்போல் தோன்றும் அவற்றின் கரைசலைப் புறஊதா ஒளியிற் காட்டிய அளவிலே நீலமோ, செம்மையோ, ஊதாவோ அதன்கண் பரவும். இருளில் வைப்பின் சிறிது போழ்தில் பழைய தெளிவை எய்தும். மறுபடியும் ஒளியிற் காட்டின் மறுபடியும் நிறங்கொள்ளும். வெயிலிற் கறுத்து, வீட்டினுட் புகுந்தபின் தெளியும் மூக்குக்கண்ணாடியை நம்மிற் பலர் கண்டிருப்பர்; சிலர் அணிந்துமிருப்பர். இக்காலத்துப் பிளாஸ்டிக் கண்ணாடிகளில் அவ்வித்தையைச் செய்வன இத்தகைய மூலக்கூறுகளே.

இவற்றைத் தமிழில் எப்பெயரால் வழங்குவது என்பது குறித்து, வேதியியல் பயிலும் நண்பரொருவர்க்கும் எனக்கும் பல நாளாக ஒரு வழக்கு நடந்து வருகின்றது. அவர் ‘நிறமாறி’ என்பர். அது பொருந்தாது என்பேன் யான். “சொல்லைப் பற்றி வாதிடுவது உங்கள் தமிழ் வகுப்பிற்குத் தொழில், எங்களுக்குப் பொருள் இருந்தாற் போதும்” என்று அவர் நகைத்துவிட்டார். ஆயினும் இது வெறுஞ்சொல் வழக்கன்று. அப்பொருள்களின் உயிர்நிலை எது என்பதைப் பற்றியதே இவ்வழக்கு. இம்மலரைப் படிப்பவருள் இருதிறத்தாரும் உளராதலின் அதனை அவர்முன் வைக்கத் துணிந்தேன்.

‘நிறமாறி’ என்னும் பெயர் மிகைபடக் கூறல், குன்றக் கூறல் என்னும் குற்றம் இரண்டனையும் ஒருங்கே உடையது. வண்ணச் சேலையை வெயிலில் உலர்த்தற்க, நிழலில் உலர்த்துக என்று நம் அன்னையர் கூறுவதை நாடோறும் கேட்கின்றோம். வெயில் அச்சாயத்தின் மூலக்கூறுகளைச் சிதைக்கின்றது. சிதைந்தவை பின் கூடுவதில்லை. அதுவும் ஒளியால் நேரும் நிறமாற்றமே. பழைய செய்தித்தாள் மஞ்சள் பூப்பதும் ஒருவகையில் அதுவே. எனவே, வெளுத்த சேலையும் மஞ்சள் பூத்த தாளும் ‘நிறமாறி’ என்னும் பெயர்க்குள் அடங்கிவிடும். அடங்கவேண்டிய ஒன்றோ அப்பெயரில் இல்லை. சேலை மீள்வதில்லை, நாம் பேசும் பொருள் மீளும். அம்மீட்சி ஒன்றே இப்பொருள்களை மற்றெல்லாச் சாயங்களினின்றும் பிரித்துக் காட்டுவது; அதனைத் தன்னகத்துக் கொள்ளாத பெயர் இவற்றிற்குப் பெயராகுமா? அன்றியும், நிறம் மாறுதல் என்பது நம் பேச்சு வழக்கில் வசைச்சொல். நிறமாறி என்றவுடன் பச்சோந்தியும், அதனையடுத்துச் சில மேடைப் பேச்சாளரும் நினைவிற்கு வருகின்றனர். ஒரு நல்ல மூலக்கூற்றிற்கு அப்பழி ஏனோ?

மேலைநாட்டாரும் இப்பெயர் குறித்து ஒருமுறை இடர்ப்பட்டனர். 1867-இல், உருசிய நாட்டிற் பணிபுரிந்த பிரிட்சே என்னும் வேதிநூலார், டெட்ராசீன் என்னும் பொருளின் செம்மஞ்சட் கரைசல் பகலொளியில் நிறமிழப்பதையும், இருளில் அந்நிறம் திரும்புவதையும் கண்டு எழுதினார். அவர் அதற்குப் பெயரிட்டாரல்லர். 1899-இல் மார்க்வால்டு என்னும் செருமானிய அறிஞர் இத்தகைய நிகழ்ச்சியை ஒரு தனிவகையாகக் கொண்டு, ஒளி, திரும்புதல் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களைப் புணர்த்துப் ‘போட்டோட்ரோப்பி’ என்று பெயர் சூட்டினார். இடர் யாதெனின், செடிகொடிகள் ஒளியை நோக்கித் திரும்புதற்கும் அவ்விரு சொற்களாலாய பெயரே முன்னரே வழங்கி வந்தது. ஞாயிறு செல்லும் திசைநோக்கித் திரும்பும் நெருஞ்சிப் பூவைச் சங்கப் புலவர் பாடியுள்ளாரன்றோ? நெருஞ்சிக்கும் டெட்ராசீனுக்கும் ஒரே பெயர் என்றால் மாணாக்கர் மயங்குவர். எனினும் அப்பெயரே ஏறத்தாழ அரைநூற்றாண்டு நிலவிற்று. 1950-இல் இஸ்ரேல் நாட்டு ரெகோவோத் நகரிலுள்ள வைஸ்மன் ஆய்வு நிலையத்தைச் சார்ந்த ஹிர்ஷ்பெர்க் என்பார் ஒளி, நிறம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களால் ‘போட்டோகுரோமிசம்’ என்னும் புதுப்பெயரை ஆக்கினார். இன்று உலகெங்கும் வழங்குவது அதுவே.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. மார்க்வால்டின் பழம்பெயரில் திரும்புதலேனும் இருந்தது. ஹிர்ஷ்பெர்க்கின் பெயரில் அதுவும் நீங்கிற்று. ஒளியும் நிறமும் எஞ்சின. ஆனால், அப்பெயர்க்கு அறிஞர் வகுத்த இலக்கணத்தைப் பாருங்கள்: ஒரு பொருள் ஒளியின் ஆற்றலால், வெவ்வேறு ஒளியை உறிஞ்சும் இருநிலைகட்கிடையே, மீளத்தக்கவாறு மாறுதல். ‘மீளத்தக்கவாறு’ என்னும் அடையை எடுத்துவிடின் இலக்கணமே வீழும். பெயரில் இல்லாத அதனை உரையில் வைத்துக் காத்தனர். கிரேக்கம் விட்ட இடத்தைத் தமிழ் நிரப்பலாகாதா என்பதே என் கேள்வி.

பொருளின் இயல்பறியாது பெயர் பேசுதல் தகாதாகலின், ஒரு மூலக்கூற்றையேனும் அணுகி நோக்குவோம். ஸ்பைரோபைரான் என்பது இவ்வினத்துட் பெரிதும் ஆராயப்பட்டது. அதனை ஆக்குதல் அரிதன்று. எமில் பிஷர் என்னும் வேதிநூலார் பெயரால் வழங்கும் பிஷர் காரத்தையும், நைட்ரோ தொகுதி சேர்ந்த சாலிசிலால்டிஹைடையும் மூலக்கூற்றுக்கு மூலக்கூறு என்னும் அளவில் எடுத்து எத்தனாலில் இட்டு, எழும் ஆவி குளிர்ந்து குடுவைக்கே திரும்புமாறு அமைத்துச் சில மணிநேரம் கொதிக்க வைப்பர். இரண்டும் ஒரு நீர் மூலக்கூற்றை வெளிவிட்டு ஒன்றாகும். கொதிக்கும் போதே கரைசல் ஊதா நிறங்காட்டும். ஆறவிட்டு, விழும் படிகங்களை வடித்தெடுத்துத் தூய்மை செய்வர். நம் போன்ற கல்லூரி ஆய்வுக்கூடத்திலும் இயற்றத்தக்கது இது.

இம்மூலக்கூற்றில் இரண்டு பாதிகள் உண்டு. அவ்விரண்டும் ஒரே கரி அணுவில் சந்திக்கின்றன; ஓர் ஏட்டின் நடுவே மற்றோர் ஏட்டைக் குறுக்கே செருகினாற்போல, ஒன்று மற்றொன்றிற்குச் செங்குத்தாக நிற்கும். கரிமப் பொருள்களில் நிறத்திற்குக் காரணமாவது, ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வரும் தொடர். தொடர் நீளுந்தோறும் அம்மூலக்கூறு உறிஞ்சும் ஒளியின் அலைநீளமும் வளரும். குறுகிய தொடருடையது கட்புலனாகாத புறஊதாவை மட்டும் உறிஞ்சி, நமக்கு நிறமின்றித் தோன்றும். ஸ்பைரோபைரானில் நடுவிலுள்ள கரி அணு அத்தொடரை அறுத்து நிற்கின்றது. ஆதலின் பாதிகள் இரண்டும் தனித்தனியே குறுந்தொடராகிக் கிடக்கின்றன.

புறஊதா ஒளி பட்டவுடன், அந்நடுக்கரிக்கும் அதனையடுத்த ஆக்சிஜனுக்கும் இடையிலுள்ள பிணைப்பு அறுகின்றது. பிணிப்பு நீங்கிய பாதி சுழன்று மற்றப் பாதியின் தளத்திற்கே வருகின்றது. அறுந்து கிடந்த தொடர் ஒன்றாகி ஓடுகின்றது. இப்பொழுது அது ஏறத்தாழ 550 முதல் 600 நானோமீட்டர் அளவுள்ள, நம் கண்ணுக்குப் பச்சையும் மஞ்சளும் செம்மஞ்சளுமாகத் தோன்றும், ஒளியை உறிஞ்சும்; எஞ்சிய நீலமும் ஊதாவும் நம் கண்ணை எய்தும். டொலுவீனிற் கரைத்தால் நீலமாகவும், எத்தனாலிற் கரைத்தால் செம்மை கலந்த ஊதாவாகவும் தோன்றுவது இதன் மற்றொரு விந்தை. அணு ஒன்று கூடவுமில்லை, ஒன்று குறையவுமில்லை. இருந்த அணுக்களே வேறு வடிவு கொண்டன. வெப்பத்தாலோ கட்புலனாகும் ஒளியாலோ அது பழையபடி மூடிக்கொள்ளும், நிறம் போய்விடும்.

அணுத்தொகை மாறாது வடிவு மட்டும் வேறாகியதைப் பாடநூலார் ‘மாற்றியம்’ என்பர். எம் வேதாகமத் தமிழில் ‘மறுரூபம்’ என்றோர் அழகிய சொல் உண்டு. ஒளிவிளங்கும் இடத்திலேயே அது வருதலும் நோக்கத்தக்கது. எனினும் அதனை வேதிநூலார்க்குக் கடனாகக் கொடுக்க யான் ஒருப்படேன். வழிபாட்டிலே தோய்ந்த சொல் குடுவையின் சீட்டில் ஒட்டப்படுவதை மனம் விரும்பவில்லை.

இனி மீட்சிக்கு வருவோம். நிறங்கொள்ளுதல் கணத்தினும் சிறு கூற்றில் நிகழ்ந்துவிடும். அதனைப் பெறுதற்கு அறிஞர் பட்ட பாடு சிறிது. மீட்சியைப் பெறுதற்குப் பட்ட பாடே பெரிது. மூக்குக்கண்ணாடியையே சான்றாகக் கொள்வோம். 1960-களில் அமெரிக்க நாட்டுக் கார்னிங் நிறுவனத்தார் ஆக்கிய கண்ணாடிகளில் வெள்ளி உப்புகள் இப்பணியைச் செய்தன. அவை கரிமப் பொருள்களல்ல. பின்னர் வந்த பிளாஸ்டிக் கண்ணாடிகட்கு ஸ்பைரோ ஆக்சசீனும் நாஃப்தோபைரானும் ஏற்றனவாயின. ஏற்றன என்றது நிறத்தின் அழகு பற்றியன்று. தெருவினின்று வீட்டினுள் வந்தவர் தடுமாறாதபடி சில நிமிடங்களில் தெளியவேண்டும். அத்துணை விரைவாகவும் தெளியலாகாது, விரையின் வெயிலிலேயே கறுப்பு நிலைக்காது. இவ்விரு எல்லைகட்கும் நடுவே மீட்சியின் வேகத்தை நிறுத்துதற்காகவே எத்தனையோ தொகுதிகளை மூலக்கூற்றின் இங்கும் அங்கும் ஏற்றியும் இறக்கியும் பார்த்தனர்.

இதில் நம் நாட்டார் அறியவேண்டுவது ஒன்றுண்டு. இக்கண்ணாடி குளிர்நாட்டில் மிகக் கறுக்கும். நம் சித்திரை வெயிலில் அத்துணைக் கறுக்காது. விற்றவர் ஏமாற்றினார் என்று எண்ணற்க. ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பது போன்றது இது. ஒளி வார்க்கின்றது, வெப்பம் ஒழுக்குகின்றது. வெம்மை மிகுந்த இடத்தில் ஒழுக்கும் மிகுமாதலின் குடத்தில் நிற்கும் நீர் குறைவு. உந்துவண்டியினுள் அமர்ந்திருப்பவர்க்கு அது நன்கு கறுக்காமைக்குக் காரணம் வேறு. வண்டியின் முன்கண்ணாடி புறஊதாவைப் பெரும்பாலும் தடுத்துவிடுதலின், அங்கே வார்ப்பதற்கே நீரில்லை.

மீளும் வகையும் எல்லாவற்றிற்கும் ஒன்றன்று. சில, ஒளி நீங்கியவுடன் தாமே மீளும். சுற்றிலுமுள்ள வெப்பமே அவற்றிற்குப் போதும். வேறு சிலவோ, எத்துணைக் காலம் இருளிற் கிடப்பினும் நிறத்தை விடா; மற்றொரு நிற ஒளி வந்து மீட்டாலன்றி மீளா. தமிழ் பயில்வார்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. மீள்வது தன்வினை, மீட்பது பிறவினை. வேதிநூலார் ஆங்கில எழுத்துகளால் பிரித்துக் காட்டும் இருவகையும் நம் இலக்கணத்தில் முன்னரே இடம்பெற்றுள்ளன. ‘மீட்பு’ என்னும் சொல்லை நாடோறும் வழங்கும் எம்மனோர்க்கு அவ்வடியும் அயலன்று.

இருவகைக்கும் இடைப்பட்டது அசோபென்சீன். 1834-இல் மிட்செர்லிக் அதனைக் கண்டறிந்து எழுதினார். ஆயினும் அதற்கு மற்றொரு வடிவும் உண்டென்பது 103 ஆண்டுகள் வெளிப்படவில்லை. 1937-இல் ஹார்ட்லி என்பார், அசிட்டோனிற் கரைத்து ஒளியில் வைத்த அசோபென்சீனிலிருந்து அவ்வடிவைப் பிரித்துக் காட்டினார். நீண்டு கிடந்த மூலக்கூறு ஒளியால் மடங்குகின்றது. இருமுனைக் கரி அணுக்களின் இடைத்தொலைவு ஏறத்தாழ 9 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 5.5 ஆகக் குறுகுகின்றது. ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரின் கோடியில் ஒரு கூறு. நிறவேறுபாடு சிறிது, வடிவ வேறுபாடே பெரிது. இருளில் வைத்தால் நாட்கணக்கில் மெல்ல நிமிரும். நீல ஒளியைக் காட்டினால் உடனே நிமிரும். இம்மடங்கலையும் நிமிரலையும் பயன்படுத்தி, ஒளியால் வளைந்து நிமிரும் படலமொன்றை 2003-இல் ஜப்பான் நாட்டு இக்கேடா குழுவினர் செய்து காட்டினர். இருமுறை கோடியாக மடங்கிய மூலக்கூறு நிமிராதாயின் அப்படலம் வெறும் சுருங்கிய தாளே.

தாமே மீளாத வகையின் வரலாறு எனக்கு மிகவும் உவப்பானது. ஸ்டில்பீன் என்னும் பொருளுக்கு ஒளி பட்டால், அதன் இரு பக்கத்து வளையங்களும் நெருங்கி, நடுவே ஒரு புதுப்பிணைப்பு உண்டாகி, நிறமுள்ள வடிவொன்று தோன்றும். ஆனால் சூழ்ந்திருக்கும் ஆக்சிஜன் அதனிடமிருந்து இரண்டு ஹைட்ரஜன் அணுக்களைக் கவர்ந்துவிடும், எஞ்சியது பினாந்திரீன். வழியில் பொருள் பறிகொடுத்தவன் ஊர் திரும்ப வகையின்றி நிற்பதுபோல, அது பழைய ஸ்டில்பீனாக மீள்வதேயில்லை. பறிபோகும் ஹைட்ரஜன் இருந்த இடங்களில் மெத்தில் தொகுதிகளை வைத்தபோது கொள்ளை நின்றது. ஆயினும், மூடிய வடிவு வெப்பத்தால் விரைவிலே திறந்துகொண்டது. ஜப்பான் நாட்டு மசாகிரோ இரியே என்னும் அறிஞர், பென்சீன் வளையங்களுக்கு மாற்றாகத் தயோபீன் போன்ற வளையங்களை வைத்து 1988-இல் டைஅரைலெத்தீன்களை வெளியிட்டார். பென்சீன் வளையம் தன் இயல்பான நிலைப்பை இழக்க விரும்பாது. ஆதலின் மூடிய வடிவைத் திறக்க விரையும். தயோபீனுக்கு அவ்விழப்பு சிறிது. அது மூடிய வடிவிலேயே அமைதியாக இருக்கும். புறஊதா மூடும்; கட்புலனாகும் ஒளி திறக்கும்; இருளில் இரண்டும் அசையா. படிகமாக இருக்கும்போதே இவ்வேலையைச் செய்வனவும் அவற்றுள் உள. 2007-இல் இரியேயும் அவர் உடனுழைப்பாளரும் ஒளியால் வடிவு மாறி மீளும் அத்தகைய நுண்படிகங்களை வெளியிட்டனர்.

இவற்றுட் சில 10,000 முறைக்கு மேலும் நிறங்கொண்டு மீள்வன என்று காட்டியுள்ளனர். அது பெரிய செய்தியா என்று ஐயுறுவார் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்க. ஒவ்வொரு முறையும் ஆயிரத்தில் ஒரு மூலக்கூறு மட்டும் வழிதவறி வேறொன்றாகிவிடுவதாகக் கொள்வோம். அற்பம் என்றே தோன்றும். ஆயிரம் முறை போய்மீண்டபின் எஞ்சுவது நூற்றுக்கு 37 பங்கே; 63 பங்கு அழிந்திருக்கும். ஒருவர் நாளொன்றுக்கு இருபது முறை வெயிலுக்கும் நிழலுக்குமாக நடப்பாராயின் ஆயிரம் என்பது ஐம்பது நாட் கணக்கு. இரண்டு மாதத்திற்குள் கண்ணாடி கெடும். எனவே பத்தாயிரம் முறை தாங்கவேண்டின், தவறுதல் பதினாயிரத்தில் ஒன்றினும் குறைந்திருத்தல் வேண்டும். முன் கூறிய ஸ்பைரோபைரானில் நைட்ரோ தொகுதி இருத்தலால் நிறம் சிறிது நேரம் நிலைக்கின்றது; ஆனால் அதனாலேயே அது விரைவிற் கெடுகின்றது. நிறத்தை மட்டும் நோக்குவார்க்கு அத்தொகுதி நண்பன். மீட்சியை நோக்குவார்க்குப் பகை. இவ்வினத்தைப் பற்றிய ஆராய்ச்சியின் பெரும்பகுதி நிறத்தைத் தேடியதன்று, மீட்சியின் வழியிலுள்ள கள்வரைத் தேடியது என்று கூறினும் மிகையாகாது.

ஆய்வுக்கூடத்தை விட்டுச் சற்று நம் கண்ணுக்கே வருவோம். இவ்வரிகளைப் படிப்பவர் கண்ணின் உட்திரையில் அத்தகைய மூலக்கூறு ஒன்று தொழிற்பட்டுக்கொண்டிருக்கின்றது. 1876-இல் பிரான்ஸ் போல் என்பார், இருளில் வைத்த தவளையின் கண்திரை செந்நிறமாக இருப்பதையும், ஒளிபட அந்நிறம் வெளுப்பதையும் கண்டார். அந்நிறத்தைத் தருவது ரெட்டினால் என்னும் கரிமப் பொருள் புரதத்தோடு சேர்ந்த சேர்க்கை. ஒளி பட்டவுடன், வளைந்திருந்த ரெட்டினால் நிமிர்கின்றது. நொடியின் கோடியில் ஒரு பங்கினும் எத்தனையோ மடங்கு சிறிய காலத்தில் அது நிகழ்ந்துவிடுகின்றது. அந்நிமிர்ச்சியே பார்வையின் முதற்படி. இதனை ஆராய்ந்த ஜார்ஜ் வால்டு 1967-இல் நோபல் பரிசு பெற்றாருள் ஒருவர்.

நிமிர்ந்த ரெட்டினால் தானே வளைவதில்லை. புரதத்தை விட்டு நீங்கி, அடுத்துள்ள உயிரணுப் படலத்திற்குச் சென்று, அங்குள்ள நொதிகளால் வளைக்கப்பட்டு மீண்டும் தன் இடத்திற்கு வருகின்றது. கடும் வெயிலிலிருந்து இருட்டறையினுட் புகுந்தவர் முதலில் ஒன்றும் காணாது நின்று, பின் சிறிது சிறிதாகக் காண்பதும், கண் முற்றும் இருளுக்குப் பழக அரைமணி நேரமளவு செல்வதும் பெரும்பாலும் இம்மீட்சிக்கு வேண்டிய காலமே. ரெட்டினால் உடலில் உண்டாவது ஏ உயிர்ச்சத்திலிருந்து. அச்சத்துக் குறையின் வெளுத்த நிறம் நிரம்பாது. அந்தியில் கண் தெரியாது. அதற்கு நம்மவர் இட்ட பெயர் மாலைக்கண். ஒளியை ஏற்றலில் குறையில்லை; இழந்ததை மீளப்பெறுதலிலேயே குறை. குறை முற்றின் கருவிழியும் கெட்டுக் குழந்தைகள் குருடாவர். இந்திய அரசாங்கத்தார் 1970-இல் சிறுகுழந்தைகட்கு அச்சத்தை மருந்தாக ஊட்டும் திட்டத்தைத் தொடங்கியது இதற்காகவே. நம் புழைக்கடை முருங்கைக்கீரையில் நிறைந்துள்ள கரோட்டின் என்னும் பொருள் உடலினுள் நடுவே பிளவுற்று இரண்டு ரெட்டினாலாகும் என்பதை அறிந்தபின், அக்கீரையை ஏழையுணவென்று இகழ எனக்கு மனம் வருவதில்லை.

இவ்வளவும் கேட்ட நண்பர் தோற்றாரல்லர். அவர் கூறிய மறுப்பு வலியது. “முழுதும் மீள்வது உலகில் ஒன்றுமில்லை என்று நீயே கணக்கிட்டுக் காட்டினாய். பின் மீள்வது என்று பெயரிடுதல் பொய்யன்றோ?” என்றார். இதற்கு என் விடை வாடாமல்லி. அப்பூவும் வாடவே செய்யும். எனினும் மற்றப் பூக்கள் வாடிய பின்னும் நெடுநாள் நிற்றலின் அப்பெயர் பெற்றது. ஒரு பொருளை அதன் இனத்திலிருந்து பிரித்துக் காட்டும் சிறப்பே அதற்குப் பெயராதல் தமிழ் மரபு. சேலைச் சாயம் ஒருமுறையும் மீள்வதில்லை. டைஅரைலெத்தீன் பதினாயிரம் முறை மீள்கின்றது. இனி, மீளத் தவறுதல் என்னும் குறைதானும் மீட்சியைக் கடனாக உடைய பொருளுக்கே உரியது. மீளாத சாயத்தை யாரும் தளர்ந்தது என்று குறைகூறார்.

வேறொரு மறுப்பும் உண்டு. கிரேக்கச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டால் என்ன என்பர் சிலர். டெட்ராசீன், தயோபீன் முதலிய தனிப்பொருட் பெயர்களை யானும் அவ்வாறே எழுதியிருக்கின்றேன். அவற்றை மொழிபெயர்க்க முயல்வது வீண் வேலை. ஆயின் இது ஒரு பொருளின் பெயரன்று. ஒரு கருத்தின் பெயர். கருத்தின் பெயர் கேட்டவுடன் கருத்தில் பாதியாவது விளங்கவேண்டும். கிரேக்கம் அறிந்தார்க்கு ‘போட்டோகுரோமிசம்’ அவ்வாறு விளங்கிற்று. அதற்காகவே அறிஞர் அதனை ஆக்கினர். சிற்றூர்ப் பள்ளியிலிருந்து வந்து முதலாண்டு வேதியியல் வகுப்பில் அமரும் மாணாக்கர்க்கு அது வெறும் ஓசை.

ஆதலின் நிகழ்ச்சியை ‘ஒளிமீள்நிறம்’ என்றும், அதனையுடைய பொருளை ‘ஒளிமீள்நிறமி’ என்றும் வழங்கலாம் என்பது என் துணிபு. தானே மீள்வதை ‘வெப்பமீளி’ என்றும், ஒளியால் மீட்கப்படுவதை ‘ஒளிமீளி’ என்றும் சுருக்கலாம். பலமுறை மீண்டு மீண்டு கெடுவதற்கு ‘மீட்சித்தளர்வு’ என்று ஒரு சொல் எண்ணியிருக்கின்றேன். அது எனக்கே முழு மனநிறைவு தரவில்லை. தளர்வு என்பது ஓய்ந்தாற் போய்விடும். இது ஓய்விற் போவதன்று. தேய்வு என்பதோ புறத்தே உரைசுவதைக் குறிக்கும். வேதியியல் துறை நண்பர்களும், தமிழ்த்துறை ஆசிரியப் பெருமக்களும், பழைய மாணவர்களும் இதனினும் ஏற்ற சொல் கண்டால் அடுத்த மலர்க்கு எழுதியனுப்புவாராக. என் எதிர்வழக்காடியும் அதற்குள் ஒரு குடுவை ஸ்பைரோபைரானை ஆக்கிக்காட்டுவதாக வாக்களித்திருக்கின்றார். அதன் சீட்டில் எப்பெயரை எழுதுவது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.